உப்பு மண்ணின் குலவை

மழை விட்டதும் மண்ணிலிருந்து வாசனை எழும்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வருஷம் ஐப்பசியில் வாசனைக்குப் பின்னாலேயே ஒரு சத்தமும் எழும்பியது. வாசனை போன பிறகும் சத்தம் போகவில்லை.

விளாத்திகுளத்துக் கரிசல் காடுகளில் அது சந்தை இரைச்சலை ஊருக்கு வெளியே நின்று கேட்பது போல, கனமாகவும் அடர்த்தியாகவும் இருந்தது. தேரிக்காட்டுச் செம்மணலில், வண்டி போய்விட்ட ரயில் நிலையத்தில் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று பேர் பேசிக்கொள்வது போல, விட்டு விட்டுக் கேட்டது. ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களில் கல்யாண வீட்டுச் சமையல்கட்டின் கலகலப்பு. மலைச் சரிவின் புளித்த மண்ணிலோ, இலைகளுக்கு அடியில் யாரோ மூக்கால் கதை சொல்வது போன்ற ஒரு முணுமுணுப்பு. ஒரே காட்டில்கூட வேப்பமரத்தடி ஒரு விதமாகவும் புளியமரத்தடி இன்னொரு விதமாகவும் பேசியது. குளத்துக்குள் ஒரு குரல், குளத்தங்கரையில் வேறு குரல்.

முதலில் ஜனங்கள் பயந்தார்கள், கோவிலுக்கு ஓடினார்கள், தேங்காய் உடைத்தார்கள். தேங்காய் விலை ஏறியதும் பயம் குறைந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் அது பழகிவிட்டது. கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போடாமல் வாசல் மண்ணில் துணி விரித்துப் படுக்க வைத்தார்கள். அதுகள் உடனே தூங்கின. பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் போய்க் காது கொடுத்துவிட்டு வந்தார்கள். மருந்து அடித்த வயல் அன்று மாலையே முனகலாகச் சுருங்கிவிடும். பக்கத்து வயல்காரன் கேட்டுவிடுவானே என்ற வெட்கத்தில் பாதிப் பேர் தெளிப்பானைத் தூக்கிப் பரணில் போட்டார்கள்.

கடலோரத்து உப்பளக் குடியிருப்பான வெள்ளைத்திடலில் மட்டும் மண் வாயைத் திறக்கவில்லை.

அங்கேயும் எல்லோரும் வரப்பில் குப்புறப் படுத்துக் காதை வைத்துப் பார்த்தார்கள். கடல்தான் கேட்டது. கடல் எப்போதும் கேட்பதுதான். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வெள்ளைத்திடலுக்கு ஊமைத்திடல் என்று பேர் வைத்தார்கள். பஸ்ஸில் அந்த நிறுத்தம் வந்தால் கண்டக்டர் குரலைத் தாழ்த்தி, உதட்டில் விரல் வைத்து, "உஷ், இறங்குங்க" என்பான், பஸ்ஸே சிரிக்கும்.

முப்பிடாதி அதற்குச் சிரிக்கவில்லை.

அவள் கரிசல் காட்டுப் பெண். வேலாண்டியைக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து வாருபலகை பிடித்துப் பாத்தியில் உப்பு இழுக்கிறாள். அவர்களுடைய ஒரே மகள் மாரிக்கனி, வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். கடைசிப் பாத்தியை ஒட்டி, உடைமரம் நிற்கிற மேட்டில் அவளைப் புதைத்திருந்தார்கள். உப்பு பூத்த மண். புல்கூட முளைக்காத மண். செத்த மண் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

மண் எங்கேயும் பேசாதவரை முப்பிடாதி அதைத் தாங்கிக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளும் பேசாத மண்ணில்தானே கிடக்கிறார்கள் என்று மனசைத் தேற்றியிருந்தாள். இப்போது மற்ற ஊர் இடுகாடுகளில் கூட்டம் கூட்டமாக ஏதோ பேசிக்கொண்டிருக்க, அவளுடைய பிள்ளை மட்டும், ஒரு நிமிஷம் ஆளில்லாமல் இருந்தால் அழுகிற பிள்ளை, யாருமில்லாத மண்ணில் தனியாகப் படுத்திருந்தது. இரவும் பகலும் முப்பிடாதிக்கு அது ஒன்றே நினைப்பாக இருந்தது.

பாத்திகளில் மறுபடியும் வேலை தொடங்கி, பங்குனி வெயில் ஏறியபோது, அவள் வேலாண்டியிடம் சொன்னாள்: "எங்க ஊர்ல போயி இசக்கியம்மனுக்குப் பிடிமண் எடுத்தாறப் போறேன்."

தாய்க் கோவிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புது இடத்தில் பீடம் கட்டினால், சாமி அந்த மண்ணோடு வந்து குடியேறும். அது அந்தப் பக்கத்து வழக்கம். இசக்கியம்மன் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற சாமி. இடுப்பில் ஒன்று இருந்தால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்வாள்.

"எங்க வைக்கப் போற?" என்றான் வேலாண்டி.

"கடைசிப் பாத்தி மேட்டுல."

 மேடு என்று சொன்னாலே அவர்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

அவளோடு உப்பு வாருகிற செல்லக்கிளிதான் கேட்டாள். செல்லக்கிளிக்கு வாயில் பூட்டுக் கிடையாது. "ஏட்டி, அம்மன் கரிசல்ல கம்மங்கஞ்சி குடிச்சிட்டுச் சொகமா இருக்கா. அவளையும் இழுத்தாந்து உப்பு வார விடப் போறியாக்கும்?"

"நான் வாரலையா மதினி?"

"நீ வாருத. உனக்குக் கங்காணி இருக்கான். அவளுக்கு யாரு கங்காணி?" என்று சொல்லிச் சிரித்த செல்லக்கிளிதான், அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய்ச் செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் ஏற்பாடு செய்தாள். ஊமைத்திடல் என்ற பேர் போவதற்கு அதுதான் வழி என்று எல்லோருக்கும் பட்டது.

முப்பிடாதி பிறந்த ஊரில் அம்மன் பீடத்தடியில் கையை விட்டபோது, மண் வெதுவெதுப்பாக, இரைந்துகொண்டே, ஒரு மிருகத்தின் விலா போல உள்ளங்கையில் அதிர்ந்தது. ஒரு பிடி எடுத்துப் புதுக் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கலயத்துச் சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர் வந்து குனிந்தான். "யம்மா, உள்ள இருக்கவங்களுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

"பிடிமண்ணு அண்ணாச்சி."

"ஒரு பிடியிலயே இம்புட்டுக் கூட்டமா! எம் பஸ்ஸுல தீபாவளிக்குக்கூட இப்படி ஏறுனதில்ல."

பக்கத்து இருக்கையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேர் ரெஜினா, விவசாயக் கல்லூரியில் பாடம் எடுப்பவள். ஊர் ஊராக மண்ணின் குரலைப் பதிவு செய்துகொண்டு வருவதாகச் சொன்னாள். "அக்கா, நான் கொஞ்சம் கேட்டுக்கட்டுமா?" என்று அனுமதி வாங்கிக் கலயத்தில் காதை வைத்தாள். வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"யாரு டீச்சர் இவங்கல்லாம்?"

"கண்ணுக்குத் தெரியாத உசிருங்க. இந்த ஒரு பிடியில இருக்கறவங்க நம்ம மாவட்ட ஜனத்தைவிட ஜாஸ்தி. நம்ம காலுக்குக் கீழ எப்பவும் இருந்தவங்கதான். இப்பத்தான் நமக்குக் கேக்குது."

"எல்லா ஊர்லயும் இவங்கதானா?"

"இல்லக்கா, அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது." ரெஜினா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "ஈரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, மண்ணு புளிப்பா காரமா, வெயில் எப்படி, மேல என்ன மரம் நிக்குது, இதையெல்லாம் வச்சு அந்தந்த இடம் தனக்கு வேண்டியவங்களைச் சேத்துக்குது. ஒரே மாதிரி இடம்னா, நடுவுல எத்தனை மலை இருந்தாலும் சொந்தக்காரங்க மாதிரிக் குரல் ஒத்துப்போகுது. இடம் மாறுச்சுன்னா வரப்புக்கு அந்தப் பக்கமே வேற ஆளுங்க. நீங்க இவங்களை எங்க கொண்டு போறீங்க?"

"உப்பளத்துக்கு."

ரெஜினா கலயத்தைப் பார்த்தாள். "அவங்களுக்கு அங்க ரொம்பக் கஷ்டமா இருக்கும்க்கா."

"எனக்கும்தான் கஷ்டமா இருந்துச்சு. வந்த புதுசுல காலெல்லாம் வெடிச்சு, ராத்திரி பூரா அழுவேன். இருந்துக்கிட்டேன்ல?"

"அங்க ஏற்கெனவே யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. அது செத்த மண்ணு."

"நான் இன்னும் உப்பளத்துல இறங்கிப் பாத்ததில்ல," என்றாள் ரெஜினா. கூட்டுரோட்டில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "வரேன்க்கா, ஒருநாள்," என்றாள். அதைக் கலயத்திடம் சொன்னாளா முப்பிடாதியிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

வெள்ளைத்திடல் முழுக்க ரோட்டுக்கு வந்து நின்றது. மேளம் கொட்டியது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டார்கள். முப்பிடாதி கலயத்தைத் தலையில் வைத்து நடக்க, கரிசலின் இரைச்சலும் பெண்களின் குலவையும் சேர்ந்து வெயிலில் மிதந்து வந்தன. மேட்டில் சின்னப் பீடம் தயாராக இருந்தது. சாமியாடி பூல்பாண்டி மண்ணை எடுத்துப் பீடத்தின் குழியில் இட்டார். முதல் செம்பு மஞ்சள் நீரை முப்பிடாதிதான் ஊற்றினாள். அடுத்தது செல்லக்கிளி. அப்புறம் ஒவ்வொரு வீடும். யாருடைய செம்பும் பின்னால் நிற்கக் கூடாது என்பதால் எல்லோரும் ஊற்றினார்கள். குங்குமம் கொட்டினார்கள். கற்பூரக் கட்டிகளை மண்ணிலேயே வைத்துக் கொளுத்தினார்கள். இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. "அம்மன் அசந்துட்டா, பயணக் களைப்பு," என்று பேசிக்கொண்டார்கள். மேட்டுக்கு அடியிலிருந்து உவர்நீர் கசிந்து வந்து குழியை நனைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

விடிந்தபோது பிடிமண் ஊமையாகிக் கிடந்தது.

பூல்பாண்டி காதை வைத்தார், மண்ணை விரலால் கிளறினார், மறுபடி காதை வைத்தார். "அம்மன் வரமாட்டேன்னுட்டா," என்றார். "இந்த இடம் அவளுக்கு ஒப்பல. பீடத்தைப் பிரிச்சிர வேண்டியதுதான்."

"நல்லாருக்குவே நியாயம்!" என்றாள் செல்லக்கிளி. "ஊரே சேந்து அவளை மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தோம். மூச்சு விட நேரம் குடுத்தோமா? இப்ப வரலைன்னா எப்படி வருவா?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் முப்பிடாதி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். உப்பு அறுத்த வெடிப்புகளில் நேற்று வைத்த மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் வைப்பதுதான். வைக்காவிட்டால் புண் சீழ் பிடித்துவிடும். மஞ்சள் வைத்தால் புண்ணில் எது சாகிறது என்று அவள் இதுவரை யோசித்ததில்லை. மருந்து அடித்த வயல்கள் மாலையில் முனகியது நினைவுக்கு வந்தது. மடியில் அதிர்ந்துகொண்டு வந்தவர்கள், மாவட்டத்து ஜனத்தைவிட அதிகமானவர்கள், அவர்கள் தலையில் முதல் செம்பை ஊற்றியது அவளுடைய கை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் பாத்திக்குப் போனார்கள், அவளும் போனாள். வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் தலையோடு காதையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உச்சிவேளை வரை வாரினாள். அப்புறம் வாருபலகையைப் போட்டுவிட்டுக் கடைசிப் பாத்திக்கு நடந்தாள்.

உப்பு விளைகிற பாத்திகள் வெள்ளையாக இருக்கும். நீர் முற்றி, பிசுபிசுத்து, உப்புக் கட்டுவதற்கு முன்னால் உள்ள கடைசிப் பாத்தி அப்படி இல்லை. பங்குனி சித்திரையில் அது செம்பருத்திப் பூவைக் கசக்கிக் கரைத்தது போலச் சிவந்துவிடும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கண்ணுக்குக் கூசும், அவ்வளவுதான். அந்தச் சிவந்த நீர் மேட்டின் ஓரத்தை நக்கிக்கொண்டு நின்றது.

முப்பிடாதி மேட்டில் மண்டியிட்டாள். "தாயி, உனக்குத் துணைக்கு ஆள் கூட்டியாந்தேன்," என்றாள் மகளிடம். "நானே கொன்னுட்டேன்."

பதில் வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, எல்லோரும் படுத்துப் பார்த்தது போலவே காதை மண்ணில் வைத்துப் படுத்தாள். கடல் கேட்டது. மேட்டின் சரிவில் உடம்பு வழுக்கி இறங்க, அவள் பிடித்துக்கொள்ளவில்லை. தலை பாத்தியின் விளிம்பில் போய்ச் சாய்ந்தது. ஒரு காது சிவந்த நீருக்குள் அமிழ்ந்தது. கடல் அப்போதும் கேட்கிறதே என்ற எரிச்சலில், மேலே இருந்த காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.

கடல் நின்றுவிட்டது. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

வெகு மெல்லியது. கரிசலின் இரைச்சல் போன்ற பேச்சு அல்ல. பேச்சாக இருக்குமென்று எதிர்பார்த்துத்தானே ஊரே காது வைத்தது? இது ஒரே குரலை எண்ணமுடியாதவர்கள் சேர்ந்து பிடித்து, மூச்சு வாங்காமல், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்து, எங்கோ தொலைவில் ஒரு ஊர் முழுக்க நின்று குலவை இடுவது போல நீண்டுகொண்டே இருந்தது. முப்பிடாதிக்கு அந்தச் சத்தம் புதிதாக இல்லை. தையில் பாத்தியில் இறங்கியதிலிருந்து அது காதில் இருந்திருக்கிறது. துண்டுக்குள் புகுந்த காற்று என்றும், கடல் என்றும் நினைத்துக்கொண்டு, அதைக் கேட்டபடியேதான் உப்பு வாரியிருக்கிறாள். குலவை பாத்தியிலிருந்து மேட்டுக்குப் போயிற்று. மேட்டுக்கு அடியில், கசிந்த நீர் போன வழியெல்லாம் போயிற்று. உடைமரத்தின் வேர்வரை, பிள்ளை கிடக்கிற இடத்தைச் சுற்றி, அதற்கும் கீழே, போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் பெண்கள் குலவை இடுவார்களே, அப்படிச் சுற்றி நின்று இட்டார்கள்.

அவள் எவ்வளவு நேரம் கிடந்தாளோ தெரியாது. தேடிக்கொண்டு வந்த வேலாண்டி, பாத்தி ஓரத்தில் அவள் தலை தண்ணீரில் கிடப்பதைப் பார்த்து வாருபலகையை வீசிவிட்டு ஓடிவந்தான். அவள் கையை மட்டும் உயர்த்தினாள். "சத்தம் போடாதீங்க. படுங்க. இந்தக் காதைப் பொத்திக்கிட்டு அந்தக் காதை உள்ள விடுங்க."

வேலாண்டி படுத்தான். மாரிக்கனியைப் புதைத்த அன்றைக்குக்கூட அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இப்போது அவன் அழுதது தெரியவில்லை. முகம்தான் நீரில் கிடந்ததே.

பிறகு செல்லக்கிளி வந்தாள். கேட்டுவிட்டு, அவளுடைய வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் எழுந்து போய், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கங்காணி வரப்பில் வந்து பார்த்தபோது, சிவந்த பாத்தியைச் சுற்றி அத்தனை பேரும் வரிசையாகத் தலையைச் சாய்த்துக் கிடந்தார்கள்.

"எலேய், என்ன ஆச்சு? எல்லாரும் வெயில்ல சுருண்டுட்டீங்களா?"

"பேசாம படும்வே," என்றாள் செல்லக்கிளி.

"கூலியைப் பிடிச்சிருவேன்."

"பிடியும். படுத்துக்கிட்டே பிடியும்."

அவன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்தான். அன்றைக்குக் கூலி பிடிக்கவில்லை.

சித்திரையில் ரெஜினா தன் கருவியோடு வந்தாள். கருவியைப் பையிலிருந்து எடுக்க மறந்து மாலைவரை பாத்தி ஓரத்தில் படுத்திருந்தாள். எழுந்தபோது அவள் கண்ணாடி முழுக்க உப்பு. "இந்தச் சிவப்பே இவங்கதான்க்கா," என்றாள். "நம்மளைக் கொல்ற உப்பு இவங்களுக்குத் தாய்ப்பால். உங்க கரிசலுக்குக் கொண்டு போனா ஒரு பொழுது தாங்க மாட்டாங்க. நல்ல தண்ணி பட்டாலே வெடிச்சிருவாங்க."

"அப்ப ஐப்பசி மழையில?"

"உப்புக் கல்லுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு இருந்திருப்பாங்க. எத்தனை காலம் வேணும்னாலும் இருப்பாங்க. அதான் அன்னைக்கு யாருக்கும் கேக்கல."

முப்பிடாதி பிடிமண்ணைப் பற்றிக் கேட்டாள். முதல் செம்பு தன்னுடையது என்பதையும் சொன்னாள்.

ரெஜினா அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நிறையப் பேர் போயிருப்பாங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுலயும் சில பேர் கதவைச் சாத்திக்கத் தெரிஞ்சவங்க."

முப்பிடாதி அந்த மண்ணைக் காயவைத்து, கலயத்திலேயே போட்டுப் பீடத்துக்குள் வைத்து மூடினாள். பூல்பாண்டி அந்தப் பாத்தியில் காதை நனைத்துக்கொண்டு வந்து, அந்த மேட்டிலேயே நின்று ஆடினார். அம்மன் வந்துவிட்டாள் என்றார். வந்தவள் கரிசலிலிருந்து வரவில்லை, எப்போதும் இங்கேயே இருந்தவள் என்றார். கோவில் கொடைத் திருவிழாவன்று மஞ்சள் நீரைத் தார் ரோட்டில் நின்று ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். மண்ணில் ஒரு சொட்டு விடவில்லை. அன்றிலிருந்து வெள்ளைத்திடலில் தலைத்துண்டு கட்டுகிறவர்கள் ஒரு காதை வெளியே விட்டுத்தான் கட்டினார்கள். பஸ் அந்த நிறுத்தத்துக்கு வந்தால் கண்டக்டர் இப்போதும் உதட்டில் விரல் வைத்தான். பஸ் சிரிக்கவில்லை, ஜன்னலைத் திறந்து கேட்டது.

மறு ஐப்பசியில் முதல் மழை பெய்தது. வாசனை எழும்பியது. சத்தம் எழும்பவில்லை. ஏற்கெனவே இருந்த சத்தமும் அந்த மழையோடு அடங்கிவிட்டது. கரிசலும் தேரியும் வாழைத் தோட்டமும் மலைச்சரிவும், எப்படித் திடீரென்று பேசினவோ அப்படியே வாயை மூடிக்கொண்டன. ஊர்களில் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வாசலில் படுக்க வைத்த குழந்தைகள் வீறிட்டன. பரணில் போட்ட தெளிப்பானைச் சிலர் இறக்கினார்கள், சிலர் இறக்கவில்லை.

மழை விட்ட அன்று முப்பிடாதி மேட்டுக்குப் போனாள். பாத்திகளில் மழைநீர் தளும்பி நின்றது; சிவப்பு கரைந்து போயிருந்தது. செல்லக்கிளி பின்னாலேயே வந்து, பயந்த முகத்தோடு, "ஏட்டி முப்பிடாதி, ஒண்ணுமே கேக்கலையேட்டி!" என்று கத்தினாள்.

முப்பிடாதி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மேட்டில் கால் பதிய ஏறி, பீடத்தருகே குனிந்து, மழை புரட்டிப் போட்டிருந்த ஒரு உப்புக்கல்லை எடுத்து ஓரமாக, நனையாத இடத்தில் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க மதினி," என்றாள். "எல்லாரும் தூங்குதாங்க."